அறிவியல் நகரிலிருந்து ஒரு விண்வெளிப் பேப்பர்

பூநகரிப் பக்கம் வயல் வரம்பில் நின்று மேற்கே பார்த்தால் அடிவானம் வரைக்கும் கண்ணை மறிக்க ஒன்றும் இல்லை. இடைக்கிடை பனை நிற்கும், அவ்வளவுதான். நெருக்கமான நகரத்து மொட்டைமாடியில் அன்டெனா வைத்திருப்பவருக்குச் செய்மதி அடிவானத்திலிருந்து 20 பாகைக்கு மேலே ஏறிய பிறகுதான் சத்தம் கேட்கும். இங்கே 3 பாகையிலேயே பிடிக்கலாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதி ஒன்று தலைக்கு மேலால் கடக்க, ஒரு அடிவானத்திலிருந்து மறு அடிவானம் வரை ஏறத்தாழ 10 நிமிடம் எடுக்கும். 20 பாகைக்கு மேலே அது நிற்பது 4 நிமிடம்தான். 3 பாகையிலிருந்து பார்க்கக்கூடியவருக்கு 8 நிமிடத்துக்கும் மேல் கிடைக்கிறது. கொழும்பில் காசு கொடுத்தும் வாங்க ஏலாத சாமான் இது. விண்வெளிப் பொறியியலில் பேப்பர், அதாவது ஆய்விதழில் கட்டுரை, போட நினைக்கும் வன்னிப் பெடியனோ பெட்டையோ முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய மூலதனம் இதுதான்.

இன்னொரு மூலதனமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ரொக்கெட் கேரளத்துத் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. புவிக்காந்த மத்தியகோடு அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தால் போகிறது என்பதற்காகவே அந்த இடத்தைத் தெரிவு செய்தார்கள். கிளிநொச்சியும் அதே பட்டியில்தான் இருக்கிறது. இங்கே பொழுதுபட்ட பிறகு அயனமண்டலத்தில், அதாவது வளிமண்டலத்தின் உயரே மின்னேற்றம் பெற்ற படையில், குமிழ்கள் கிளம்பும். அவற்றினூடாக வரும் செய்மதிச் சமிக்ஞை நட்சத்திரம் போல மினுங்கும். மார்ச்–ஏப்ரலிலும் செப்ரெம்பர்–ஒக்ரோபரிலும் இது அதிகம், சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். ஐரோப்பாவில் இருக்கும் ஆய்வுக்கூடம் இதை அளக்க ஆளனுப்ப வேண்டும். நாங்கள் கொல்லைக்குள் கம்பம் நட்டால் போதும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடமும் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் இருந்தும், விண்வெளி என்றவுடன் எழுதத் தோன்றுவது செவ்வாய்க்குப் போகும் கலத்தின் வடிவமைப்பாகவே இருக்கிறது. கணினியில் செய்த கலம், கணினியில் செய்த பயணம், கடைசியில் "இது சாத்தியம்" என்று ஒரு முடிவுரை. அப்படியான கட்டுரைகள் ஆய்விதழ் ஆசிரியர்களின் மேசையில் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை, கட்டுரையை மதிப்பிடும் ரிவியூவரிடம் போகாமலே திரும்பும். சின்னதாக, ஆனால் உண்மையாக அளந்த ஒன்று அதைவிட நூறு மடங்கு மேல் என்பது என் தீர்மானம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கே அனுப்புவது? சர்வதேச விண்பயணக் கல்விக்கழகத்தின் அக்டா அஸ்ட்ரோநோட்டிகா எல்லாத் திசையும் எடுக்கும் இதழ்: உந்துகை, சின்னச் செய்மதி, விண்வெளிச் சட்டம்கூட. அமெரிக்க வானூர்தி விண்பயண நிறுவனம் 1964 முதல் நடத்தும் ஜேர்னல் ஒஃப் ஸ்பேஸ்கிராப்ட் அன்ட் ரொக்கெட்ஸ் பரிசோதனை அல்லது பறப்புத் தரவு இருந்தால் விரும்பும். அதே நிறுவனத்தின் வழிகாட்டல்–கட்டுப்பாடு இதழுக்குக் கணிதம் புதிதாக இருக்க வேண்டும். பழைய கட்டுப்படுத்தியைப் புதுச் செய்மதியில் பூட்டிக் காட்டினால் எடுபடாது. அயனமண்டலம், சுற்றுப்பாதை, செய்மதித் தரவு என்று வந்தால் சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழுவான கொஸ்பாரின் அட்வான்ஸஸ் இன் ஸ்பேஸ் ரிசேர்ச். நான் மேலே சொன்ன மினுங்கலை அளப்பவருக்கு இதுதான் வாசல். முதற்கட்டுரைக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மேர்கொன் மாநாடும் நல்ல பழகுகளம்.

இதழின் பெயரில் மயங்கவும் வேண்டாம். பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைச் செய்மதி மூன்றை வைத்து உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் கணக்கோடு எழுதிய கட்டுரை 1945 ஒக்ரோபரில் வந்தது வயர்லெஸ் வேர்ல்ட் என்ற வானொலித் தொழில்நுட்ப மாத இதழில். பதினொரு வருடம் கழித்து ஆள் இலங்கையில் குடியேறியது வேறு கதை.

இனி அளவைக்கு வருவோம். 437 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒலிபரப்பும் சின்னச் செய்மதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் முதல் செய்மதியான இராவணா 1, 2019 ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒரு கிலோவுக்குச் சற்று மேலான நிறை, பத்துச் சென்ரிமீட்டர்ப் பெட்டி. அந்த அளவுச் செய்மதிகள் இந்த அலைவரிசையில்தான் அநேகமாகப் பேசும். 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேர் தலைக்கு மேலே இருக்கும்போது சமிக்ஞை வழியில் இழக்கும் வலு 137 டெசிபெல் (3 டெசிபெல் இழந்தால் வலு பாதியாகும்). 10 பாகையில் தூரம் 1440 கிலோமீட்டர், இழப்பு 148 டெசிபெல். அந்த 11 டெசிபெல்லைத்தான் எல்லாரும் காகிதத்தில் கணக்குப் போடுகிறார்கள். கேபிளை மறந்துவிடுகிறார்கள்.

கூரையிலிருந்து அறைக்கு 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தால் இந்த மீடிறனில் 6, 7 டெசிபெல் அதிலேயே போய்விடும். வந்த வலுவில் கால் பங்குக்கும் குறைவுதான் ரிசீவரை அடையும். தடித்த எல்எம்ஆர்-400 கேபிள் போட்டால் 2 டெசிபெல்லுக்குள் அடங்கும். கேபிள் வாங்கக் காசில்லை என்றால் இரைச்சல் குறைந்த முன்பெருக்கியைக் கம்பத்தின் உச்சியில், அன்டெனாவின் காலடியில் பூட்ட வேண்டும். அறைக்குள் பூட்டினால் கேபிளில் செத்த சமிக்ஞையைத்தான் பெருக்கும், பிரயோசனம் இல்லை. கனெக்டருக்கு மேல் தானாக ஒட்டும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டுக்கூரை போல மேற்சுற்று கீழ்ச்சுற்றை மூட வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் மாரி மழை மடிப்புக்குள் இறங்கும். தண்ணீர் போன கேபிள் வெளிப்பார்வைக்கு நல்லபடிதான் இருக்கும். இரண்டு மாதத் தரவு போன பிறகுதான் தெரியும். கேபிளின் இழப்பை மாரிக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம் நானோவிஎன்ஏ போன்ற மலிவுக் கருவியால் அளந்து, இரண்டு எண்ணையும் கட்டுரையில் போடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே ரிவியூவர் உங்களை நம்பத் தொடங்குவார்.

மினுங்கலை அளப்பவர் சறுக்குகிற முக்கியமான இடம், பெருக்கத்தைச் சமிக்ஞைக்கேற்பத் தானே மாற்றும் ரிசீவரின் ஓட்டோ கெயின். கணினியில் செருகும் மலிவு ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளில் அதை நிறுத்தி, கெயினை ஒரே எண்ணில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை ஏறி இறங்குவதைக் கருவியே சமப்படுத்திவிடும். மினுங்கலின் அளவான எஸ்4 சுட்டி, அதாவது சமிக்ஞைச் செறிவின் நியம விலகலைச் சராசரியால் வகுத்தது, பொய்யாகச் சின்னதாக வரும். அடுத்தது அன்டெனா. அயனமண்டலம் அலையின் முனைவாக்கத்தை, அதாவது அது அதிரும் திசையை, திருப்பும், செய்மதியும் உருண்டுகொண்டு வரும். ஒரு திசை அதிர்வை மட்டும் பிடிக்கும் நேர்கோட்டு யாகி அன்டெனா போட்டால் அந்த ஏற்ற இறக்கம் முழுக்க மினுங்கல் மாதிரியே பதிவாகும். வட்ட முனைவாக்க அன்டெனா 3 டெசிபெல் தின்னும். தின்னட்டும். அப்படியும் உருளல் முழுதாகப் போகாது. ஆகவே அதே செய்மதியின் பகற்கடப்புகளையும் இரவு 7 மணிக்குப் பிந்திய கடப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்ட வேண்டும். உருளல் இரண்டிலும் இருக்கும், குமிழ் இரவில்தான் இருக்கும். மினுங்கல் மெல்லியதாக இருக்கும்போது எஸ்4 மீடிறனின் 1.5ஆம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும் என்பதால், ஜிபிஎஸ்ஸின் 1575 மெகாஹெர்ட்ஸில் தெரிவதைவிட 437 மெகாஹெர்ட்ஸில் ஏழு மடங்கு அளவில் தெரியும். மலிவுக் கருவியால் இந்த வேலை ஏலும் என்று சொல்வதற்கு அதுதான் ஆதாரம்.

கடிகாரம் இன்னொன்று. டொங்கிளின் அலையாக்கி பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 437 மெகாஹெர்ட்ஸில் 437 ஹெர்ட்ஸ் பிசகு. டொப்ளர் வைத்து, அதாவது செய்மதி வரும்போதும் போகும்போதும் மீடிறன் மாறுவதை அளந்து, சுற்றுப்பாதை கணிப்பவருக்கு அது செக்கனுக்கு 300 மீட்டர் வேக வழு. கடப்பு ஒன்றின் மொத்த டொப்ளரே கூடவும் குறையவும் 10 கிலோஹெர்ட்ஸ் அளவுதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த டொங்கிள் ஒரு பங்கோடு நிற்காது. ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய அலையாக்கி வாங்க முடியாவிட்டால், அறைக்குள் நிழலில் வைத்து, வெப்பநிலையையும் கூடவே பதிந்துகொள்ளுங்கள். கணினியின் நேரம் 1 செக்கன் பிழைத்தால் செய்மதியின் இடம் ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல் பிழைக்கும். இன்ரநெற் அறுந்து கிடந்த நாட்களின் தரவைத் தனியாகக் குறித்து வைப்பது அதனால்தான்.

ஒலிபரப்ப எண்ணினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது. கேட்பதற்கு மட்டும் என்றாலும், இந்தப் பக்கத்தில் உயரக் கம்பத்தில் அன்டெனா ஏறினால் கேள்வி வரும். பீடத்தின் கடிதம் ஒன்றைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பது புத்தி.

இனி, ரிவியூவர் கோபப்படும் இடங்கள். செய்மதியின் இடத்தை, அதன் சுற்றுப்பாதையை இரண்டு வரி எண்களில் தரும் இருவரிக் கூறுகளிலிருந்து எஸ்ஜிபி4 என்ற கணிப்பு முறை கொண்டு கணிக்கிறோம். அது தரும் ஆள்கூறுகள் அன்றைய மத்தியகோட்டை வைத்த டிஇஎம்இ என்ற முறைமையில் இருக்கும். பலர் அதை 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்து அச்சை வைத்த ஜே2000 முறைமை என்று நினைத்து அப்படியே அடுத்த மென்பொருளுக்குள் ஊற்றிவிடுவார்கள். பூமியின் அச்சு பம்பரம் போலத் தள்ளாடுவதால் 2000க்குப் பிறகு இரண்டு முறைமைக்கும் இடையே மூன்றில் ஒரு பாகை அளவு விலகியாயிற்று. 400 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் அது கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். கூறுகளுக்கே உள்ள வழு தொடக்கத்தில் 1 கிலோமீட்டர் அளவு, பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராக வளரும். அதற்கு மேலே 40ஐப் போட்டுவிட்டு "எங்கள் முறை பிழைக்கிறது, வளிமண்டல இழுவை காரணமாக இருக்கலாம்" என்று கலந்துரையாடலில் எழுதினால், தெரிந்தவர் முதல் வரைபடத்திலேயே பிடித்துவிடுவார். எந்த நாளின் கூறுகள், எந்த முறைமை, எந்த நேர அளவு என்று ஒரு அட்டவணை போடுங்கள்.

சிமுலேஷன் கட்டுரைக்கும் அதே அட்டவணை வேண்டும். ஈர்ப்பு மாதிரியின் படி எத்தனை, வளிமண்டல மாதிரி எது, சூரியப் பாய்வு எண் என்ன, இழுவைக் குணகம் 2.2 என்றால் ஏன், ஒருங்கிணைப்பியின் படியளவு என்ன. நாசாவின் ஜிமாட், அதனோடு ஓரெகிட் என்ற இன்னொரு சுற்றுப்பாதை மென்பொருள், இரண்டும் இலவசம். உங்கள் சொந்த நிரலின் விடையை அவற்றில் ஒன்றோடு ஒருதரம் ஒப்பிட்டுக் காட்டினால் பாதிக் கேள்வி குறையும். செய்மதி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை நான்கு எண்ணில் சொல்லும் குவாட்டர்னியனில் எண்கூறு முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்டதால் மூன்று மாதம் இழுபட்ட கட்டுரைகள் உண்டு.

எண்களை எழுமாற்றாக மாற்றிப் பலதரம் ஓட்டிப் பார்க்கும் மொன்டி கார்லோவை எல்லாரும் அலங்காரத்துக்குச் செய்கிறார்கள். 100 தரம் ஓட்டி ஒன்றும் பிழைக்கவில்லை, ஆகவே 99.7 வீதம் நம்பகம் என்று எழுதுவது கணக்கே இல்லை. ஒரு பிழையும் இல்லாமல் 100 ஓட்டம் என்றால், 95 வீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது பிழை 3 வீதத்துக்கு மேல் இல்லை என்பது மட்டும்தான். மூன்றை ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எல்லை அது. 99.7ஐச் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 1000 ஓட்டம், ஒன்றும் பிழைக்காமல். மடிகணினியில் ஒரு இரவு வேலை. கரண்ட் போகும் ஊரில் ஒவ்வொரு 50 ஓட்டத்துக்கும் விடையைக் கோப்பில் எழுதிவிடும்படி நிரலை அமையுங்கள். எழுமாற்று எண்களைத் தொடக்கும் வித்து எண்ணையும் சேர்த்து எழுதி வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பிறகு வேறொருவரும் அதையே ஓட்டிப் பார்க்கலாம்.

மாநாட்டு வழி கவர்ச்சியானது. வருடாந்தச் சர்வதேச விண்பயணக் காங்கிரசுக்கு 400 சொல்லுக்குள் சுருக்கம் அனுப்ப வேண்டும், முடிவுத் திகதி வழமையாகப் பெப்ரவரிக் கடைசி. சின்னச் செய்மதிக்கு பி4 என்ற பிரிவு. அங்கே மதிப்பிடப்படுவது சுருக்கம்தான். முழுக் கட்டுரை ஆய்விதழ் அளவில் சோதிக்கப்படாது, பதவியுயர்வு எண்ணிக்கையில் அதை ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சமமாக வைக்கவும் முடியாது. கட்டுரையைத் தளத்தில் பதிவேற்றாவிட்டால் மேடை இல்லை, மேடைக்கு நேரில் போகாவிட்டால் கட்டுரை இல்லை. ஏற்பு சித்திரை அளவில் வரும். எங்கள் கடவுச்சீட்டுக்கு விசா எடுக்கும் காலத்தையும், கிளிநொச்சியிலிருந்து கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் நாட்களையும் அன்றே எண்ணத் தொடங்குங்கள். காங்கிரசுக் கட்டுரையை விரித்துப் பிறகு ஆய்விதழுக்கு அனுப்பலாம். ஆனால் முதல் பக்க அடிக்குறிப்பிலும் ஆசிரியருக்கான கடிதத்திலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் சொல்லிவிடும்.

காசு விஷயம் சுருக்கமாக. மேலே சொன்ன பெரிய இதழ்கள் பலவற்றில் சந்தாவழி வெளியீட்டுக்கு எழுதியவரிடம் காசு கேட்பதில்லை. யாரும் சும்மா வாசிக்கக்கூடிய திறந்த அணுகலைத் தெரிவு செய்தால்தான் ஆயிரக்கணக்கில் டொலர். அந்தப் பெட்டியில் கைதவறிக் குறியிடாமல் இருந்தால் போதும். முழுக்கத் திறந்த இதழ் என்றால் விலக்கு உண்டா என்று அனுப்ப முன்னம் கேளுங்கள், ஏற்ற பிறகு கேட்டால் எடுபடாது. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று இரண்டாம் வருட மாணவனுக்கு மின்னஞ்சல் எழுதி, மூன்று நாளில் மதிப்பீடு முடித்துத் தருகிறோம் என்பவர் வியாபாரி. வாசிப்பதற்கும் காசு வேண்டாம்: நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைக் களஞ்சியம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சின்னச் செய்மதி மாநாட்டுக் கட்டுரைகள், விண்வெளித் தரவுத் தொடர்புக்கான சிசிஎஸ்டிஎஸ் நியமங்கள் எல்லாம் சும்மா கிடைக்கும். அவற்றை வாசிக்காமல் எழுதுபவரின் உசாத்துணைப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விண்வெளிக்கு மட்டுமே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. செய்மதியை ரொக்கெட்டில் எப்படிப் பொருத்துவது என்று ஏவுநிறுவனம் தரும் இடைமுக ஆவணம் இரகசிய ஒப்பந்தத்துக்குள் வரும். அதிலுள்ள அதிர்வு அளவுகளை வரைபடமாகப் போட்டால் கட்டுரையை மீளப்பெற வேண்டிவரும். அமெரிக்காவில் உள்ள கூட்டாசிரியருக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இந்திய விண்வெளி நிறுவனத்தில் உள்ளவருக்கு உள் அனுமதி. இரண்டுமே மாதக்கணக்கில் இழுக்கும். கட்டுரை எழுதத் தொடங்கும் நாளிலேயே அவர்களிடம் தலைப்பையும் வரைபடப் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பீடு வந்தால் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே பதில், அதன் கீழே எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினீர்கள் என்பது. ரிவியூவர் பிழையாக விளங்கியிருந்தாலும் "நாங்கள் தெளிவாக எழுதவில்லை" என்று தொடங்கி வசனத்தை மாற்றுவதே கெட்டித்தனம். கேட்ட பரிசோதனையைச் செய்ய வசதி இல்லையா, இல்லை என்று எழுதுங்கள். அந்தக் குறையை வரம்புகள் பகுதியில் ஏற்றுங்கள். தரவை ஸெனோடோ என்ற திறந்த களஞ்சியத்தில் போட்டு அதன் டிஓஐயை, அதாவது மாறாத அடையாள எண்ணை, கொடுங்கள், ஒரு பதிவுக்கு 50 கிகாபைட் வரை இலவசம். மழையில் கெட்ட கிழமைகளின் தரவையும் சேர்த்துப் போடுங்கள், கோப்பின் பெயரிலேயே கெட்டது என்று எழுதி. சின்னச் செய்மதித் துறையில் வேலை செய்யாமல் போனதைப் பற்றி ஒழுங்காக எழுதியவை குறைவு. அதனால் அப்படியானதைத் தேடித்தேடி வாசிக்கிறார்கள்.

கடைசியாகப் பெயர். தகப்பன் பெயர் முதலும் தன் பெயர் பிறகும் எழுதுவது எங்கள் வழக்கம். சிலர் மாற்றி எழுதுவார்கள், சிலர் முதலெழுத்து மட்டும் போடுவார்கள், கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்தே மாறியவர்களும் உண்டு. தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஒரே ஆளை மூன்று ஆளாக்கிவிடும். முதற்கட்டுரைக்கு முன்னமே ஆய்வாளருக்குரிய அடையாள எண்ணான ஓர்கிட் எண் எடுத்து, ஒரே எழுத்துக்கூட்டலில் நில்லுங்கள். அச்சுப் பிரதி சரிபார்க்க வழமையாக இரண்டு நாள்தான் தருவார்கள். அந்த இரண்டு நாளில் முகவுரையை அழகாக்க வெளிக்கிட வேண்டாம். பார்க்க வேண்டியவை: பெயர், கிளிநொச்சி என்ற எழுத்துக்கூட்டல், அட்டவணையில் கழித்தல் குறி கோடாக மாறியிருக்கிறதா, மைக்ரோ குறி மில்லியாக மாறியிருக்கிறதா, கம்பத்தில் ஏறிக் கேபிள் மாற்றித் தந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பெயர் நன்றியுரையில் இருக்கிறதா.